மின்சாரம் தண்ணீருக்குள் போனால் என்ன ஆகிறது?



நம் கடையில் உள்ள சரக்குகளை ஒரு முறை தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சலவைச் சோப்பு, துணி வெளுக்கும் நீர், அலுமினியச் சட்டி, மோட்டார் பாட்டரி, தங்க முலாம் பூசிய வளையல். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லைபோலத் தோன்றும். ஆனால் இவற்றின் பின்னால் ஒரே காரியம் நிற்கிறது. ஒரு திரவத்தினுள் மின்சாரத்தைச் செலுத்தி, அதனால் அங்கே ஒரு ரசாயன மாறுதலை உண்டாக்குவதுதான் அது. இதற்குத் தமிழில் மின்பகுப்பு என்று பெயர்.

நான் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன். விஞ்ஞானப் பாடம் நடத்தும் யோக்கியதை எனக்கு இல்லை. என்றாலும் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகளின் புத்தகங்களைக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் எடுத்து வாசிப்பது வழக்கம். அப்படி வாசித்தது செமிலிங் கடைத்தெருவில் நல்ல சமயத்தில் பிரயோஜனப்பட்டது. தண்ணீர் வடிகட்டி விற்போர் சிலர் கடைகளிலும் வீடுகளிலும் ஒரு குவளை வேடிக்கையைக் காட்டி வருகிறார்கள். அதைக் கண்டு பயந்துபோன வாடிக்கையாளர்களும், அந்த வடிகட்டிக்கு ஏஜெண்டு ஆகலாமா என்று யோசிக்கும் கடைக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன். வேடிக்கையின் சூட்சுமம் விளங்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் பாடம் படித்தாக வேண்டும். பொறுமையோடு வாசிக்கக் கோருகிறேன்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகவும் சொற்பம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று சிறு பிராயம் முதல் சொல்லி வளர்த்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது முற்றிலும் சரி. ஏனெனில் நம் வியர்வையிலும் குழாய்த் தண்ணீரிலும் உப்பு வகைகள் கரைந்திருக்கின்றன. மின்சாரத்தைச் சுமந்து செல்பவை அந்த உப்புகளே. செமிலிங் துறையில் ஓடும் மெர்போக் ஆற்றில் கடல் ஏற்றத்தின்போது ஒரு குவளை மொண்டால் உப்புக் கரிக்கும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மோட்டார் பாட்டரியில் ஊற்றுவதற்கென்று நாம் போத்தலில் விற்கும் பாட்டரித் தண்ணீர் உப்பு நீக்கப்பட்டது. அது அநேகமாகக் கடத்தாது. பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

ஒரு கல் உப்பை எடுத்துக்கொள்வோம். சோடியம், குளோரின் என்ற இரண்டு வஸ்துக்கள் அதில் கூட்டாக இருக்கின்றன. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் பெயரில் வரவும் மற்றவர் பெயரில் பற்றும் எழுதியிருப்பதுபோல, சோடியத்தின் பங்கில் நேர்மின்னும் குளோரின் பங்கில் எதிர்மின்னும் இருக்கும். உப்பு தண்ணீரில் கரைந்தவுடன் கூட்டாளிகள் பிரிந்து தனித்தனியே திரிகிறார்கள். இவ்விதம் மின்சுமை ஏறிய துணுக்குகளுக்கு அயனிகள் என்று பெயர். அந்தத் தண்ணீரில் இரண்டு கம்பிகளை இறக்கி, ஒன்றைப் பாட்டரியின் கூட்டல் குறி போட்ட முனையிலும், மற்றதைக் கழித்தல் குறி போட்ட முனையிலும் மாட்டினால், எதிர்மின் ஏறியவை கூட்டல் கம்பிப் பக்கமும் நேர்மின் ஏறியவை கழித்தல் கம்பிப் பக்கமும் நகரத் தொடங்கும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சுவரில் செல்லும் செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி கம்பியாகவே இருக்கிறது. திரவத்தில் அப்படியல்ல. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஆட்களைப்போல இந்தத் துணுக்குகள் தாமே நடந்து போய்க் கம்பியண்டை சுமையை இறக்க வேண்டும். சுமையை இறக்கியதும் அவை பழைய வஸ்துவாக இருப்பதில்லை. குளோரின் அயனி சுமையை இறக்கினால் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாயுவாகிக் கிளம்பிவிடும். சோடியம் பிடிவாதமானது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது சுமையை இறக்காது. அதற்குப் பதிலாகத் தண்ணீரே அந்த வேலையைச் செய்து ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழிவிடும். சில சமயம் கூட்டல் கம்பியின் உலோகமே சுமையேறிக் கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் கரைந்துவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

ஆகவே, திரவத்தில் மின்சாரம் செலுத்தி யாராவது ஒரு மாறுதலைக் காட்டினால் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. திரவத்தில் என்ன கரைந்திருக்கிறது? உள்ளே விட்ட கம்பி என்ன உலோகம்?

இந்த வித்தை மிகப் பழையதல்ல. 1800இல் இத்தாலி தேசத்து வோல்டா என்பவர் உலோகத் தகடுகளை அடுக்கி முதல் பாட்டரியைச் செய்ததாக அறிவித்தார். அதே வருஷத்தில் லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டபோது ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறு பக்கம் ஆக்சிஜனும் குமிழி குமிழியாக வந்தன. தண்ணீர் ஒரு மூலப் பொருள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அது இரண்டு வாயுக்களின் கூட்டு என்பது இவ்வாறு கண்ணுக்கு முன்னே நிரூபணமாயிற்று.

மோட்டார் பாட்டரியைச் சார்ஜ் செய்யும்போதும் இதுவே நடக்கிறது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் உள்ளே உள்ள தண்ணீர் இரண்டு வாயுக்களாகப் பிரிந்து வெளியேறிவிடும். அதனால்தான் மூடி திறக்கும் பாட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதுமென்கிறார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் உள்ளேயே தங்கித் தகடுகளைக் கெடுக்கும். வெளிவரும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரி அருகே சிகரெட்டோடு நிற்கிறவரைக் கண்டால் தயங்காமல் அப்பால் போகச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர்ப்பக்கம் போவோம். காயல்பட்டினத்து அன்பர்களுக்கு அருகிலுள்ள சாகுபுரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூத்துக்குடி வட்டாரத்து உப்பளங்களை ஒட்டி, 1950களின் கடைசியில் அங்கே காஸ்டிக் சோடா ஆலை ஏற்பட்டது. உப்பை நீரில் கரைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒரு முனையில் குளோரின், மறு முனையில் ஹைட்ரஜன். தொட்டியில் மிஞ்சுவது காஸ்டிக் சோடா. இதை எண்ணெயோடு சேர்த்தால் சோப்பு. குளோரினை இதே காஸ்டிக் சோடாவில் கலந்தால் துணி வெளுக்கும் நீர். ஒரு மூட்டை உப்பிலிருந்து நம் கடையின் இரண்டு தட்டுச் சரக்கு பிறக்கிறது என்றால் மிகையில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வெளுப்பு நீரில் அமிலம் கலந்தால், ஆலையில் சிரமப்பட்டு உள்ளே அடைத்த குளோரின் மறுபடியும் வாயுவாகக் கிளம்பிவிடும். கழிப்பறை கழுவும் நீர்களில் பல அமிலம் கலந்தவை. இரண்டையும் கலந்து தேய்த்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்று சில பெண்கள் நினைக்கிறார்கள். மூடிய குளியலறையில் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. இரண்டு போத்தலையும் ஒரே நேரத்தில் வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை. கடையிலும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

காஸ்டிக் சோடா போன்ற வஸ்துக்களுக்கு ஆங்கிலத்தில் அல்கலி என்று பெயர். அது அரபியில் சில செடிகளின் சாம்பலைக் குறிக்கும் அல்கலீ என்ற சொல்லிலிருந்து வந்தது. ரசாயனத்துக்கு மலாய் மொழியில் கிமியா என்கிறார்கள். இந்நாட்டு ரசாயன இலாகாவுக்கு ஜபத்தான் கிமியா என்றுதான் பெயர். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இச்சொற்கள் புதியனவாக இரா.

மின்சாரத்தால் விளையும் ரசாயனத்தை ஆராய்வதற்கென்றே தமிழ்நாட்டில் காரைக்குடியில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நம்மைப்போலவே கடல் கடந்து இந்நாட்டில் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டு வணிகச் சமூகத்தில் பிறந்தவர், லாபத்தை இப்படியும் செலவிடலாமென்று காட்டியிருக்கிறார். நம் சங்கத்துச் செல்வந்தர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அடுத்தது முலாம். வெள்ளி உப்பு கரைத்த நீரில் ஒரு வெள்ளித் தகட்டைக் கூட்டல் முனையிலும், பித்தளைக் கரண்டியைக் கழித்தல் முனையிலும் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், தகட்டின் வெள்ளி கரைந்து நீருக்குள் இறங்கும். நீரிலுள்ள வெள்ளி கரண்டிமேல் படியும். தகடு இளைக்க இளைக்கக் கரண்டி வெண்மையாகும். தங்க முலாமும் இதே ரீதிதான். நீரில் தங்கத்தின் உப்பைக் கரைத்துப் பூசுகிறார்கள். சிதம்பரம் கவரிங் நகைகள் பெயர் பெற்றவை. இங்கே மலாய்க்காரர்கள் சாடூர் என்று சொல்வதும் இதையே.

எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வளையலின் மேற்பரப்பு 30 சதுர சென்டிமீட்டர், முலாமின் கனம் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள தங்கம் ஏறக்குறைய 29 மில்லிகிராம். ஒரு கிராமில் முப்பத்து நான்கில் ஒரு பங்கு! கவரிங் விற்பதில் யாதொரு குற்றமும் இல்லை. அது முலாம் என்பதை வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

அலுமினியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரவமென்றால் தண்ணீர் மட்டும்தான் என்பதில்லை. உருகிய பாறையும் திரவமே. 950 டிகிரி உஷ்ணத்தில் உருக்கிய கிரியோலைட்டில் அலுமினிய மண்ணைக் கரைத்து மின்சாரம் செலுத்தினால் அலுமினியம் அடியில் இறங்குகிறது. 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூல் என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்த வழி இது. நம் நாட்டில் சரவாக்கில் பிந்துலு பக்கத்துச் சமலாஜுவில் இந்த வேலை பெரிய அளவில் நடைபெறுகிறது.

இப்போது கணக்குப் பாடம். வியாபாரிகளுக்கு இதுதான் பிடிக்குமென்று நினைக்கிறேன். மைக்கேல் பாரடே என்ற ஆங்கிலேயர் கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப் படிப்பு கொஞ்சமே. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களையே படித்து அறிவாளியானவர். (என்னைப்போன்ற கடைக்காரனுக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டாவதில் வியப்பென்ன?) 1830களில் அவர் நிலைநாட்டிய விதி யாதெனில், இத்தனை மின்சாரம் சென்றால் இத்தனை எடை பொருள் மாறும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் வெள்ளி 4 கிராம் படியும், செம்பு 1.19 கிராம் படியும். கூட்டல் முனையில் இரும்புக் கம்பி இருந்தால் 1.04 கிராம் இரும்பு கரையும். பற்று வரவுப் புத்தகத்தில் இவ்வளவு நேர்மையை நாம்கூடக் கண்டதில்லை.

இனி அந்தக் குவளை வேடிக்கைக்கு வருவோம்.

இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர்களுடைய வடிகட்டியில் பிடித்த தண்ணீர். ஒரு சிறு கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கிச் சுவர் மின்சாரத்தில் செருகுகிறார்கள். அரை நிமிஷத்திற்குள் நம் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கித் துரு நிறத் திப்பி மிதக்கிறது. அவர்களுடைய தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. “மறைந்திருந்த அழுக்கை மின்சாரம் வெளியே கொண்டுவந்துவிட்டது” என்று விளக்கம் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் எதிர்க்கடை நானாவின் கடையில் இதை இரண்டு இளைஞர்கள் செய்து காட்டினார்கள். “இந்தத் தண்ணியிலயா பாய் நீங்க டீ போடுறீங்க?” என்று ஒருவர் கேட்டார். சாமான் வாங்க வந்திருந்த தோட்டத்துப் பாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, பேரப்பிள்ளைக்கு இதுலதானே பால் கரைக்கிறேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாதத் தவணை எவ்வளவு என்று அந்த அம்மாள் விசாரித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. வடிகட்டியின் விலையோ ஆயிரக்கணக்கில். நானாவிடமும் ஏஜென்சிக்கு முன்பணம் கேட்டிருந்தார்கள்.

நான் அந்த இளைஞரிடம், “தம்பி, உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டுங்களேன்” என்றேன்.

“உப்புப் போட்டா அது சுத்தத் தண்ணி இல்லையே பாய்.”

“உப்பு அழுக்கா தம்பி? தினமும் சோத்துல போடுறோமே.”

அவர் சிரித்துவிட்டுக் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. தமக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். கம்பி என்ன உலோகம் என்று அவரே கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். பாட்டியிடம், “இன்னைக்கு ஒண்ணும் கையெழுத்துப் போடாதீங்க, நாளைக்கு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று இரவு கடை சாத்திய பின் நானாவும் நானும் உட்கார்ந்து சோதித்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் சுவர் மின்சாரத்தைக் கனவிலும் தொடக்கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தைத் திறந்த கம்பிகளோடு தண்ணீரில் விடுவது உயிரோடு விளையாடுவதாகும். எங்களுக்கு வேண்டியிருந்தவை கடையிலேயே கிடைத்தன: 9 வோல்ட் சதுர பாட்டரி ஒன்று, துண்டு வயர், இரண்டு இரும்பு ஆணி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், பாட்டரித் தண்ணீர் ஒரு போத்தல், உப்பு.

முதலில் குழாய்த் தண்ணீரில் இரண்டு ஆணிகளையும் ஒன்றோடொன்று தொடாமல் விட்டோம். கழித்தல் ஆணியில் நுண்ணிய குமிழிகள் வந்தன. பத்து நிமிஷம் கழித்துக் கூட்டல் ஆணியைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக நூல்போல் ஒன்று இறங்கத் தொடங்கியது. அவர்கள் காட்டிய காட்சிதான். எங்கள் பாட்டரி சிறியதாகையால் தாமதமாயிற்று.

பிறகு பாட்டரித் தண்ணீரில் விட்டோம். கால் மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுமில்லை. நானா, “பாத்தியா, சுத்தத் தண்ணி சுத்தமாத்தானே இருக்கு” என்றார். நான் பதில் பேசாமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன். சுமை தூக்க ஆள் கிடைத்துவிட்டது. ஆணியிலிருந்து குமிழி சீறியது. சற்று நேரத்திற்குள் தண்ணீர் பச்சை சாம்பலாகி, மெள்ளப் பழுப்பாயிற்று. குழாய்த் தண்ணீரைவிட மோசமான நிறம்! தண்ணீரும் சுத்தம், உப்பும் சுத்தம். அழுக்கு எங்கிருந்து வந்தது?

கடைசியாகப் பென்சில். அதே குழாய்த் தண்ணீர், அதே பாட்டரி. ஆணிகளை எடுத்துவிட்டு, பென்சிலின் கரிமுனைகளைத் தண்ணீரில் விட்டோம். இரண்டு முனையிலும் குமிழி வந்தது. பழுப்பு வரவேயில்லை. மறைந்திருந்த அழுக்கைத்தான் மின்சாரம் வெளியே கொண்டுவருகிறதென்றால், பென்சிலை விட்டபோதும் அது வந்திருக்க வேண்டுமல்லவா? நானா வெகு நேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அது ஆணியோட துருவா?” என்றார்.

ஆம், ஆணியின் துருதான். கூட்டல் ஆணியின் இரும்பு சுமையேறித் தண்ணீரில் கரைகிறது. கழித்தல் பக்கத்தில் தண்ணீர் பிரிந்து காரத் தன்மை உண்டாகிறது. இரண்டும் சந்தித்தவுடன் பச்சை நிறத் திப்பி. அதில் காற்று பட்டதும் பழுப்புத் துரு. அவர்களுடைய கருவியிலும் கூட்டல் கம்பி இரும்பாக இருப்பதுதான் சூட்சுமம். மறு கம்பிகள் பெரும்பாலும் அலுமினியம். வடிகட்டிய தண்ணீரில் உப்புகள் அநேகமாக இல்லாதபடியால் மின்சாரம் ஓடவில்லை; ஓடாததால் இரும்பு கரையவில்லை; கரையாததால் நிறமில்லை.

பாரடேயின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். அவர்களுடைய கருவியில் 0.2 ஆம்பியர் ஓடுகிறது, அரை நிமிஷம் வைக்கிறார்கள் என்று கொள்வோம். கரையும் இரும்பு சுமார் 1.7 மில்லிகிராம். குவளையில் 200 மில்லிலிட்டர் தண்ணீர் இருந்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் என்றாகிறது. சுத்திகரித்த குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்நாட்டு விதி. அதைப்போல முப்பது மடங்கு இரும்பை அரை நிமிஷத்தில் கம்பியே கொடுத்துவிடுகிறது. கம்பியின் எடையில் குறைந்தது தெரியாது. தண்ணீரின் நிறத்தில் கூடியது மட்டும் தெரியும். மறுநாள் பாட்டி வந்தபோது நானாவே பென்சிலையும் ஆணியையும் வைத்து முழுவதையும் செய்து காட்டினார்.

இன்னொரு கருவியும் கொண்டுவருகிறார்கள். பேனாப்போல இருக்கும், தண்ணீரில் விட்டால் எண் காட்டும். டி.டி.எஸ். மீட்டர் என்று பெயர். இது மோசடிக் கருவியல்ல. மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுகிறது. ஆனால் அது சுண்ணாம்புச் சத்தா, சாப்பாட்டு உப்பா, ஈயமா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. கிருமிகளையும் காட்டாது. கூரையில் பறவை எச்சம் படிந்திருக்கும்போது பிடித்த மழைத் தண்ணீரில் விட்டாலும் எண் குறைவாகத்தான் வரும்; அதைக் காய்ச்சாமல் குடிக்கலாமா? கரைந்த திடப்பொருள்களின் மொத்தம் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பொதுவாக ருசி நன்றாயிருக்குமென்றும், 1000க்கு மேல் போனால் குடிக்க நன்றாயிராதென்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நாட்டில் சுத்திகரித்த குடிநீருக்கு வைத்த உச்ச அளவும் 1000தான். எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறவரிடம் இந்த அளவுகளைச் சொல்லுங்கள்.

இதனால் வடிகட்டியே வேண்டாமென்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். கம்பத்துக் கிணறுகளில் சிலவற்றில் இரும்புச் சத்து அதிகம். இறைக்கும்போது தெளிவாக இருந்து, ஓரிரவு வாளியில் வைத்தால் தானாகவே பழுப்பாகும். வெள்ளைத் துணியில் கறை விழும். அங்கே இரும்பை நீக்கும் வடிகட்டி உண்மையாகவே உதவும். தண்ணீர்த் தடைக்குப் பின் குழாயில் முதலில் வரும் கலங்கலுக்குச் சாதாரண நூல் வடிகட்டி போதும். குளோரின் வாடை பிடிக்காதவர்களுக்குக் கரி வடிகட்டி. கிருமிப் பயத்துக்குக் காய்ச்சுவதே பழைய நம்பகமான வழி. தண்ணீரில் ஈயமோ வேறு நஞ்சோ இருக்குமோ என்று நியாயமான சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்தி எழுத்தில் முடிவு வாங்க வேண்டும்.

எதிர்க்கடை நானா அந்த ஏஜென்சியை எடுக்கவில்லை. இப்போது அவர் கடையில் நூல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் விற்கிறார். எது எதை நீக்கும், எதை நீக்காது என்று அட்டையில் எழுதி மேலே தொங்கவிட்டிருக்கிறார். விற்கும்போது உள்ளிருக்கும் வெள்ளைத் திரியை எப்போது மாற்ற வேண்டுமென்ற தேதியையும் குறித்துக் கொடுக்கிறார். மாற்றாமல் விட்டால் அதிலேயே கிருமி குடியேறிவிடும். மாற்றுத் திரி வாங்க வருகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அதில் படிந்திருக்கும் செம்மண் நிறம் குழாயில் வந்ததேதான்.